கெல்லாக் ஓக் சுவர் டெலிபோன்: சரியான ஒரிஜினல் பாகங்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணன்_மிச்சிகன்

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் கேமரா இழைகளில் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன், இப்போது டெலிபோனில் மாட்டிக்கொண்டேன்.

கலமசூ பக்கம் ஒரு பண்ணை வீட்டு எஸ்டேட் சேலில் (வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்கும் விற்பனை) ஓக் மரச் சுவர் டெலிபோன் ஒன்று கிடைத்தது. கையால் சுற்றி மணி அடிக்கும் மேக்னட்டோ வகை, ஒற்றைப் பெட்டி. கதவைத் திறந்தால் உள்ளே ஜெனரேட்டரில் கெல்லாக் பெயர் தெளிவாக இருக்கிறது. லாடக் காந்தம் ஐந்து. ஆனால் முன்னால் இருக்கும் பேசும் குழலில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 323 என்று போட்டிருக்கிறது. காதில் வைக்கும் ரிசீவரே இல்லை, அறுந்த கார்டு ஒரு சாண் தொங்குகிறது. சுற்றும் கைப்பிடி நேற்று வாங்கியதுபோல மின்னுகிறது. இரண்டு மணிகளில் ஒன்று வெதுவெதுப்பான வெள்ளை, இன்னொன்று நீலம் ஓடிய வெள்ளை. இடது பக்கப் பலகையில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வயரிங் படத்தில் பாதியை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.

ஒரிஜினல் பாகம் மட்டுமே போட வேண்டும் என்று ஆசை. இணையத்தில் ஒருவர் "அசல் கெல்லாக் ரிசீவர்" என்று விற்கிறார். போனுக்கே நான் கொடுத்ததில் பாதி விலை சொல்கிறார். வாங்கலாமா?

பரண்_பாண்டி

வீட்டம்மாவிடம் என்ன விலை சொன்னீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அதை வைத்துத்தான் ஆலோசனை.

மீனா_நேப்பர்வில்

கண்ணன், இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் பெட்டியைப் படியுங்கள்.

கொஞ்சம் பின்னணி. பெல்லின் இரண்டு முக்கியமான பேடண்டுகளும் 1893லும் 1894 ஜனவரியிலும் காலாவதியாயின. அதுவரை பெல் கம்பெனியைத் தவிர யாரும் டெலிபோன் செய்ய முடியாது. கதவு திறந்ததும் சிகாகோவிலும் சுற்று வட்டாரத்திலும் கம்பெனிகள் முளைத்தன. பெல்லில் வேலை பார்த்த ஸ்வீடன்காரர்கள் இருவர் 1894ல் ஆரம்பித்தது ஸ்ட்ராம்பெர்க் கார்ல்சன். மைலோ கெல்லாக் 1897ல் ஆரம்பித்தது உங்களுடையது. இப்படி இன்னும் ஏகப்பட்டது. தூரத்தில் பார்த்தால் எல்லாம் ஒரே ஓக் பெட்டி, ஒரே மணி, ஒரே கொம்பு. கிட்டப்போனால் திருகின் மரை, கொக்கியின் வளைவு, கதவுக் கீல் எல்லாமே வேறு வேறு. "பழைய சுவர் போன் பாகம்" என்று பொதுவாக ஒன்றை வாங்கினால் நூற்றுக்கு ஐம்பது பொருந்தாது.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லுங்கள்:

பெட்டிக்குள்ளும் பின்பலகையிலும் மையால் அடித்த எண் இருக்கிறதா? அதுதான் மாடல் எண். பாகங்களில் பேடண்ட் தேதி இருந்தால் கடைசித் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பாகம் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது. எவ்வளவு பிந்தியது என்பதை அது சொல்லாது.

எல்லாத் திருகாணிகளின் தலையையும் பாருங்கள். நட்சத்திர வெட்டு இருந்தால் அது 1930களுக்குப் பிறகு யாரோ போட்டது. பிலிப்ஸ் திருகு சந்தைக்கு வந்ததே அப்போதுதான். மணியும் அப்படித்தான். வெதுவெதுப்பான வெள்ளை நிக்கல், அது காலத்துக்கு உரியது. நீலம் ஓடியது குரோமியம். வணிக ரீதியில் குரோம் பூச்சு வந்ததே 1920களின் நடுவில். அந்த மணி பின்னால் வந்தது.

மணிச் சுருள் இரண்டையும் சேர்த்து மல்டிமீட்டரில் அளந்து ஓம் எவ்வளவு என்று போடுங்கள். எண்பது பக்கம் வந்தால் அது சீரீஸ் போன், அதாவது லைனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கும் வகை. ஆயிரம், ஆயிரத்து அறுநூறு, இரண்டாயிரத்து ஐந்நூறு என்று வந்தால் பிரிட்ஜிங், அதாவது ஒரே லைனில் பல வீடுகளைப் பக்கவாட்டில் கோத்த கிராமத்து வகை. ஐந்து காந்தம் என்பதால் பிரிட்ஜிங் என்றே நினைக்கிறேன்.

வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பேசும் குழல் தவறு. கெல்லாக்கில் கெல்லாக் குழல்தான் இருக்க வேண்டும். அதை மாற்றுவது உங்கள் பட்டியலில் முதலில் வரட்டும்.

லைன்மேன்_திருச்சி

மீனா அம்மா சொன்னதில் எல்லாம் ஒப்புதல், கடைசி வரியைத் தவிர.

நான் டெலிபோன் இலாகாவில் லைன்மேனாகச் சேர்ந்து மெக்கானிக்காக ஓய்வு பெற்றவன். தாலுகா ஊர்களில் லோக்கல் பேட்டரி எக்ஸ்சேஞ்ச் இருந்த காலம் எனக்குத் தெரியும். மேக்னட்டோ போனை உங்களில் பலர் ரயில்வே கேட்டில் பார்த்திருப்பீர்கள். கேட் கீப்பர் கைப்பிடியைச் சுற்றி ஸ்டேஷன் மாஸ்டரிடம் பேசுவாரே, அதே தத்துவம்தான். மணிக்குக் கைச் சுற்று, பேச்சுக்குப் பக்கத்திலேயே பேட்டரி.

எங்கள் பையில் என்ன இருக்கிறதோ அதைத்தான் போடுவோம். கம்பெனி பெயர் பார்த்துக் குழல் மாற்றியதில்லை. சந்தாதாரருக்குக் குரல் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவில் விவசாயிகள் சேர்ந்து நடத்திய சின்னக் கம்பெனிகள் வேறு எப்படி இருந்திருக்கும்? முள்கம்பி வேலியையே லைனாக வைத்துப் பேசியவர்கள் அவர்கள்.

எனவே கண்ணன் தம்பி, அந்த 323ஐக் கழற்றுவதற்கு முன் அது எப்போது ஏறியது என்று பாருங்கள். குழலைத் தாங்கும் கையின் அடித்தட்டைச் சுற்றி மரம் ஒரே நிறமா, பழைய தட்டின் நிழல் தெரிகிறதா? உபயோகமில்லாத திருகு ஓட்டைகள் உண்டா? வயர் பற்றவைப்பு மங்கியிருக்கிறதா, பளபளக்கிறதா?

மீனா_நேப்பர்வில்

ஐயா, களத்து அனுபவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் கெல்லாக்கும் வெஸ்டர்னும் எதிரெதிர் முகாம். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் பெல்லின் சொந்தத் தொழிற்சாலை. 1907, 1908 வரைக்கும் அது பெல் சாராத கம்பெனிகளுக்குச் சரக்கே விற்கவில்லை.

(இதில் ஒரு வேடிக்கை. அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல் தரப்பு கெல்லாக் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்கை ரகசியமாக வாங்கிவிட்டது. வெளியே தெரிந்ததும் சிறு பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 1909ல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் அந்த விற்பனையைச் செல்லாது என்றது. பெல்லுக்கு எதிரி என்று நம்பி கெல்லாக்கில் வாங்கிய கிராமத்துக் கம்பெனிகளின் முகம் எப்படிப் போயிருக்கும்!)

லைன்மேன்_திருச்சி

1908க்கு அப்புறம் விற்றார்கள் அல்லவா? அப்புறம் முப்பது நாற்பது வருஷம் அந்தப் போன் சுவரில் தொங்கியிருக்குமே.

ஸ்காபரோ_சிவா

கண்ணன் அண்ணா, அந்த விற்பனைக்காரர்ற்ற ரிசீவர் படத்தை ஒருக்கா இஞ்ச போடுங்கோ. நான் கொஞ்சக் காலமா ரிசீவர்தான் சேர்த்துக்கொண்டு வாறன்.

பார்க்க வேண்டியது இதுதான். கெல்லாக் ரிசீவரில பேர் ஓட்டிலயே பொறிச்சிருக்கும். ஒட்டின லேபிள் எண்டால் சந்தேகப்படுங்கோ. உள்ளுக்கை காந்தமும் சுருளும் கிடக்கிறபடியா நிறுத்துப் பார்த்தால் கை தாழும். இப்ப செய்யிற பிளாஸ்டிக் நகல் காத்து மாதிரி இருக்கும், வார்ப்புத் தையலும் நீளத்துக்குத் தெரியும்.

எபனைட்டா (கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கின ரப்பர்) பேக்கலைட்டா (ஆரம்பகாலப் பிளாஸ்டிக்) எண்டும் பாருங்கோ. வெந்நீரில நனைச்ச துணியால மறைவான இடத்தைத் தேய்ச்சு மணந்தால் எபனைட் கந்தக வாசம் தரும். வெயில் பட்ட எபனைட் கறுப்புப் போய் பச்சையும் மண்ணிறமும் கலந்த நிறத்துக்கு வரும். அதைக் கறுப்புப் பொலிஷ் போட்டு மறைச்சு விக்கிற ஆக்கள் இருக்கினம். பேக்லண்ட் பேக்கலைட்டுக்கு பேடண்ட் வாங்கினதே 1909ல. அதுக்கு முந்தின போனில பேக்கலைட் ரிசீவர் இருந்தால் அது பிறகு மாத்தினது.

இன்னொண்டு. கனடாவில நொதர்ன் எலெக்ட்ரிக் எண்டு மொன்றியல் கொம்பனி வெஸ்டர்ன்ற வடிவத்தையே அச்சடிச்ச மாதிரிச் செய்தது. இஞ்ச பழைய சாமான் கடையளில வெஸ்டர்ன் எண்டு சொல்லி நொதர்னை விப்பினம். கெட்ட சாமான் இல்லை, ஆனால் வேற பேர்.

கண்ணன்_மிச்சிகன்

எல்லாருக்கும் நன்றி. சிவா, அவரிடம் கூடுதலாகப் படம் கேட்டேன். "ஓட்டில் எழுத்து தேய்ந்துவிட்டது" என்று ஒரு பதில் வந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.

கண்டது: மணிச் சுருள்கள் சேர்ந்து 1600 ஓமுக்குச் சற்றுக் கீழே. பிரிட்ஜிங்தான். பின்பலகையில் மை எண் இருக்கிறது, முதல் இரண்டு இலக்கம்தான் தெளிவு. குழலைத் தாங்கும் கை கெல்லாக்குடையதே. அதன் கீழ் மரத்தில் வேறு நிழலும் இல்லை, வேறு ஓட்டையும் இல்லை. மாறியது குழல் தலை மட்டும். பற்றவைப்பு மங்கிக் கறுத்திருக்கிறது. நட்சத்திரத் திருகு இரண்டு, இரண்டுமே குரோம் மணியின் அடியில்.

லைன்மேன்_திருச்சி

பார்த்தீர்களா. கை அப்படியே, தலை மட்டும் மாற்றம், கறுத்த ஈயம். வீட்டுக்கு வந்த லைன்மேன் செய்த வேலை அது. அலங்காரத்துக்கு மாற்றியவன் பற்றவைக்க மாட்டான், முறுக்கி விட்டுப் போவான்.

மீனா_நேப்பர்வில்

இந்த ஆதாரத்தை ஏற்கிறேன். அது பயன்பாட்டுக் காலத்து மாற்றம்தான். ஆனாலும் கண்ணன் கேட்டது "சரியான ஒரிஜினல்". என் சேகரிப்பில் தொழிற்சாலையை விட்டு எப்படி வந்ததோ அப்படித்தான் வைப்பேன். காட்சிக்கு வைப்பவருக்கு அது ஒன்றுதான் அளவுகோல். ஒவ்வொரு பழுதையும் வரலாறு என்று ஏற்றுக்கொண்டால் குரோம் மணியும் வரலாறுதானே?

லைன்மேன்_திருச்சி

குரோம் மணி டெலிபோன்காரன் போட்டதல்ல அம்மா. வித்தியாசம் அதுதான். போன் வேலை செய்ய வேண்டும் என்று மாற்றியது ஒரு வகை. அழகாகத் தெரிய வேண்டும் என்று மாற்றியது வேறு வகை.

தச்சன்_மகன்

நடுவில் நுழைகிறேன். டெலிபோன் தெரியாது, மரம் தெரியும். அந்தப் பக்க ஓட்டையின் விளிம்பு எப்படி? துளைக்கருவி போட்ட இடம் உள்ளே வெள்ளையாக இருக்கிறதா, பெட்டியின் நிறமா?

கண்ணன்_மிச்சிகன்

வெள்ளைதான். உள்பக்கம் சில்லு பெயர்ந்திருக்கிறது.

மீனா_நேப்பர்வில்

அப்படியென்றால் ரேடியோ ஓட்டை! இங்கே 1950களிலும் பிறகும் பழைய சுவர் போனைக் குடைந்து ரேடியோ வைப்பது ஒரு மோகம். டயல் போன்களால் வேலையிழந்த பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. உள்ளிருந்ததை எடுத்து எறிந்துவிட்டு ரேடியோ, மசாலா அலமாரி, சாவி மாட்டி என்று என்னென்னவோ செய்தார்கள். கில்ட் என்ற கம்பெனி சுவர் போன் வடிவத்திலேயே "கண்ட்ரி பெல்" என்று ரேடியோ விற்றது. உங்களுடையதில் ஜெனரேட்டரும் மணிச் சுருளும் தப்பியதே அதிர்ஷ்டம். பேச்சை லைனுக்கு ஏற்றும் சுருளான இண்டக்ஷன் காயில் இருக்கிறதா?

கண்ணன்_மிச்சிகன்

இருக்கிறது. ஆனால் ஜெனரேட்டரிலிருந்து போகும் வயர் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. கதவிலிருந்து பெட்டிக்கு வரும் வயரையே காணோம். புதிதாக இழுக்க வேண்டுமா?

லைன்மேன்_திருச்சி

இழுக்காதீர்கள்! கீலைப் பாருங்கள். அந்தக் காலத்துச் சுவர் போன்கள் பலவற்றில் கதவுக் கீலே மின்கடத்தி. ஒரு வயர் பெட்டிப் பக்கக் கீலில் பற்றவைத்திருக்கும், இன்னொன்று கதவுப் பக்கக் கீலில். கதவை ஆயிரம் முறை திறந்தாலும் வயர் அறாது. இது தெரியாமல் துருப்பிடித்த கீலை எறிந்து கடைக் கீல் மாட்டியவர்கள் உண்டு. உங்கள் கீலின் பின்னால் ஈயப் பொட்டு இருந்தால் அதைத் தொடாதீர்கள், கீல் சுழலும் இடத்தை மட்டும் சுத்தம் செய்யுங்கள்.

ஜெனரேட்டரையும் பிரிக்க வேண்டாம். காந்தங்களைக் கழற்றித் தனியே போட்டால் பலம் குறையும். திருப்பி மாட்டும்போது ஒன்று தலைகீழானாலும் போச்சு. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அச்சுக்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் போதும்.

கைப்பிடியைச் சுற்றத் தொடங்கும்போது அச்சு கொஞ்சம் நகர்ந்து ஒரு ஸ்பிரிங்கைத் தொடும், கவனியுங்கள். பிரிட்ஜிங் போனில் சும்மா இருக்கும்போது ஜெனரேட்டர் லைனிலிருந்து விலகி நிற்கும், சுற்றினால்தான் சேரும். உங்கள் புதுக் கைப்பிடி இந்த நகர்வைத் தடுக்கிறதா பாருங்கள். மரை மட்டும் பிடித்து, தோள்பட்டை இடித்துக்கொண்டு நிற்கும் நகல்கள் உண்டு. சுற்றும்போது முனைகளில் விரல் வைக்காதீர்கள், எழுபது எண்பது வோல்ட் ஏசி வரும். சாக மாட்டீர்கள், ஆனால் மறக்கவும் மாட்டீர்கள்.

பரண்_பாண்டி

ஐயா அனுபவஸ்தர்.

லைன்மேன்_திருச்சி

புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு அதுதான் முதல் பாடம் பாண்டி. சீனியர்கள் நடத்துவார்கள்.

தச்சன்_மகன்

ஓட்டைக்கு வருகிறேன். புட்டி வைத்து அடைக்காதீர்கள். உடைந்த பழைய போன் பெட்டிப் பலகை துண்டாகக் கிடைத்தால் அதிலிருந்து ஒரு வட்டம் வெட்டுங்கள். ரேகை ஓடும் திசை பெட்டியோடு ஒத்துப்போக வேண்டும். ஓக்கில் ஆர அறுவைப் பலகை (மரத்தின் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அறுத்தது) என்றால் குறுக்கே வெள்ளி மாதிரிப் பட்டைகள் தெரியும், அதையும் பொருத்துங்கள். ஒட்டுவதற்கு வஜ்ரம், அதாவது விலங்குத் தோலில் காய்ச்சும் பசை. நாளைக்கு வேறொருவர் பிரிக்க நினைத்தால் சூட்டிலும் ஈரத்திலும் இளகிக் கொடுக்கும், வெள்ளைப் பசை கொடுக்காது.

புது ஓக்தான் கிடைத்தது என்றால் நிறத்துக்குச் சாயம் வேண்டாம். அம்மோனியா ஆவி காட்டினால் ஓக்கில் உள்ள டானின் தானே கறுக்கும். மூடிய டப்பாவில் வைத்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், கண் எரியும்.

பெட்டியின் மேல்பூச்சு? மறைவான இடத்தில் ஸ்பிரிட் ஒரு சொட்டு. பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ், அதன் மேலேயே மெல்லிய அரக்கு ஏற்றலாம், சுரண்ட வேண்டியதில்லை. அசையாமல் இருந்தால் பிற்காலத்து வார்னிஷ். மணற்காகிதம் மட்டும் போடாதீர்கள். அந்த மை எண்ணும் போய்விடும், மூலைகளின் கூர்மையும் போய்விடும்.

ஸ்காபரோ_சிவா

நிக்கல் பாகங்களுக்கு நான் சொல்லுறன். புளி போட்டுத் தேய்க்கிற வேலை வேண்டாம். நிக்கல் பூச்சு மெல்லிசு, தேய்ஞ்ச இடத்தில கீழ இருக்கிற பித்தளை மஞ்சளாத் தெரியத் தொடங்கும். சவுக்காரத் தண்ணியும் மெழுகும் போதும். கனபேர் முழுசாப் பித்தளையாக்கிப் பளபளப்பா வைச்சிருக்கினம், தொழிற்சாலையிலயிருந்து அப்பிடி வரேல்லை.

வேளச்சேரி_வாசு

கேள்வி: ஈசிஆர் பக்கம் ஒரு கலைப்பொருள் கடையில் "1900ம் வருட பிரிட்டிஷ் சுவர் போன்" என்று பித்தளையும் மரமுமாக வாங்கினேன். இதற்கும் மாடல் எண் தேடலாமா?

மீனா_நேப்பர்வில்

டயலைச் சுற்றினால் சுழல்கிறதா, இல்லை ஓட்டைகளுக்குள் பட்டன் இருக்கிறதா?

வேளச்சேரி_வாசு

பட்டன்.

பரண்_பாண்டி

வாசு, 1900ல் பட்டன் போன் வைத்திருந்த ஒரே பிரிட்டிஷ்காரர் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறார்.

மீனா_நேப்பர்வில்

மனம் தளராதீர்கள், அழகுக்கு இருக்கட்டும். நம் நாட்டுப் பட்டறைகளில் செய்து உலகம் முழுக்கப் போகிறது இந்த வகை. ஆனால் கண்ணன் மாதிரி ஆட்கள் அதிலிருந்து கொக்கியோ மணியோ எடுத்துப் பழைய போனில் மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதையும் சொல்கிறேன்.

கண்ணன்_மிச்சிகன்

கார்டு பற்றிக் கேட்க மறந்தேன். தொங்கிய துண்டைப் பிரித்தால் உள்ளே செம்புக் கம்பி இல்லை. நூலில் ஏதோ தகடு சுற்றியிருக்கிறது. இதை எங்கே தேட?

லைன்மேன்_திருச்சி

டின்சல் கார்டு. பட்டுச் சேலை ஜரிகை மாதிரி, நூலின் மேல் மெல்லிய செம்புத் தகட்டைச் சுற்றியது. எவ்வளவு வளைத்தாலும் முறியாது. அதனால்தான் ரிசீவருக்கு அது. பற்றவைக்க வராது, முனையில் மண்வெட்டி மாதிரித் தகடு கவ்வியிருக்கும். அந்தத் தகட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். ரிசீவருக்குள் ஒரு சிறு வளையம் இருக்கும், கார்டோடு வரும் தாங்கு நூலை அதில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் ரிசீவரின் எடை முழுக்க அந்தத் தகட்டு முனையில் தொங்கும்.

மீனா_நேப்பர்வில்

புதிதாக நெய்த துணிக் கார்டு வாங்குவதை நானே ஆதரிப்பேன். நூறு வருடத்து நூல் எப்படியும் உதிரும். அதே மாதிரிதான் பேட்டரியும். அந்தக் காலத்து ஆறு அங்குல உயர நம்பர் சிக்ஸ் செல்லுக்குப் பதில், அதே அளவு அட்டை உருளைக்குள் இப்போதைய பெரிய டார்ச் செல்லை வைத்தால் போதும். இரண்டு தொடராகக் கோத்தால் மூன்று வோல்ட்.

பாகம் தேட: டெலிபோன் கலெக்டர்ஸ் இன்டர்நேஷனல் சங்கத்தின் இணைய நூலகத்தில் பழைய தயாரிப்பாளர் கேட்டலாக்குகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். கெல்லாக் கேட்டலாக்கில் உங்கள் எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தில் தொடங்கும் பிரிட்ஜிங் பெட்டிகளைப் படத்தோடு ஒப்பிடுங்கள். பூச்சி தின்ற வயரிங் படமும் அதில் கிடைக்க வாய்ப்புண்டு. பிறகு சேகரிப்பாளர் சங்கக் கண்காட்சிகளுக்குப் போங்கள். அங்கே மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டியில் தனித்தனி பாகம் கிடக்கும், கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். உங்கள் பழைய மணியையும் கைப்பிடி அச்சின் மரை அளவையும் கொண்டுபோங்கள்.

பரண்_பாண்டி

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்த காலத்தில் இந்த வேலையை நாங்கள் ஒரே வரிசையில் முடித்திருப்போம். 1985ல் எரிந்தது, அதோடு போச்சு. இப்போது காயலாங்கடையில் பித்தளை தனி, இரும்பு தனி என்று பிரித்து எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.

கண்ணன்_மிச்சிகன்

கேட்டலாக்கில் பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டேன்! கொக்கி, கீல், மேலே இருக்கும் இடிதாங்கிக் கட்டை எல்லாம் பொருந்துகிறது. கீலின் பின்னால் ஈயப் பொட்டும் இருந்தது ஐயா.

முடிவு: குரோம் மணியும் கைப்பிடியும் போகும், கெல்லாக் நிக்கல் மணி தேடுவேன். ஓட்டைக்கு ஓக் வட்டம். 323ஐ அப்படியே விடுகிறேன். மீனா, கோபம் வேண்டாம்.

மீனா_நேப்பர்வில்

கோபமில்லை, கருத்தும் மாறவில்லை. ஒரு கெல்லாக் குழல் தலை கிடைத்தால் வாங்கிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்து வருபவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

லைன்மேன்_திருச்சி

இதற்கு நானும் சம்மதம். 323ஐத் திறக்காதீர்கள் தம்பி, கரித்துகள் கொட்டிவிடும். குரல் மங்கலாக இருந்தால் துகள் இறுகியிருக்கும், பக்கவாட்டில் விரலால் மெதுவாகத் தட்டுங்கள்.

ஸ்காபரோ_சிவா

கண்ணன் அண்ணா, என்னட்டக் கெல்லாக் ரிசீவர் ரெண்டு கூடுதலாக் கிடக்கு. ஒண்டின்ர உள்ளுக்கு அதிருற தகடு துருப்பிடிச்சிருக்கு, மற்றது நல்லது. கழுத்து ரெண்டும் ஒரே தடிப்பில்லை. உங்கட கொக்கிக் கவையின்ர உள் அகலத்தை மில்லிமீற்றரில அளந்து போடுங்கோ. கொழுவி வைச்சால் கொக்கி முழுசா இறங்கவும் வேணும், இல்லாட்டில் பேட்டரி இரவோட இரவா முடிஞ்சிடும்.

கண்ணன்_மிச்சிகன்

இன்றிரவு அளந்து படத்தோடு போடுகிறேன். தபால் செலவு என்னுடையது.